35 ஆண்டுகள் ஓடிய எம்.எஸ். பைப்லைனுக்கு எந்தக் கோட்டிங் கட்டுபடியாகும்?

கேள்வி, 4 ஜனவரி 2024

எங்கள் ஊருக்கு ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்து வரும் பம்பிங் மெயின் (பம்ப் தண்ணீரைத் தள்ளும் பெரிய குழாய்) 600 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) பைப், நீளம் 10 கிலோமீட்டர், போட்டு 35 ஆண்டுகள் ஆகின்றன. வெளியே தார் பூசி கண்ணாடிநார்த் துணி சுற்றியிருக்கிறார்கள்; உள்ளே பூச்சு எதுவும் இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் லீக் வருகிறது. முழுவதையும் மாற்றப் பணம் இல்லை. எபாக்ஸி (இரண்டு பொருள்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின் பெயின்ட்) அடித்தால் இன்னும் 15 ஆண்டுகள் ஓடும் என்று ஒரு ஒப்பந்ததாரர் சொல்கிறார். எந்த எபாக்ஸி மலிவாகவும் நல்லதாகவும் இருக்கும்?

5 ஜனவரி

எபாக்ஸியின் விலையைக் கேட்பதற்கு முன்னால் துரு எந்தப் பக்கத்திலிருந்து தின்கிறது என்று தெரிய வேண்டும். வெளியிலிருந்து வரும் துருவுக்கு உள்ளே பூசுவதும், உள்ளிருந்து வரும் துருவுக்கு வெளியே பூசுவதும் பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம். இதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். அடுத்த லீக்கை அடைக்கும்போது, ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தகட்டை வெட்டி எடுத்து, எத்தனையாவது மீட்டரில், பைப்பின் மேற்புறமா அடிப்புறமா என்று பெயின்டால் எழுதி, ஷெட்டில் அடுக்கி வையுங்கள். நான் குடிநீர்ப் பராமரிப்பில் இருந்த 26 ஆண்டுகளில் வெட்டிய தகடுகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின. ஒவ்வொன்றும் அந்தப் பைப் நமக்கு எழுதிய கடிதம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஓட்டையின் வாய் எந்தப் பக்கம் அகலமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் துரு வந்திருக்கிறது.

5 ஜனவரி, இரவு

கணக்கையும் போட்டுவிடுகிறேன். 600 மி.மீ. பைப்பின் வெளிப்பரப்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.92 சதுர மீட்டர்; 10 கிலோமீட்டருக்கு 19,200 சதுர மீட்டர். கரைப்பான் கலக்காத எபாக்ஸியை 500 மைக்ரான் (அரை மி.மீ.) கனத்துக்கு அடித்தால் சதுர மீட்டருக்கு அரை லிட்டர். சேதாரம் 30 சதவீதம் சேர்த்தால் மொத்தம் சுமார் 12,500 லிட்டர். இந்த லிட்டர் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்கள்.

ஆனால் பைப்பின் அடிவயிறு வரை பூச வேண்டுமென்றால் முழுச் சுற்றளவையும் திறக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மூன்று கன மீட்டருக்கு மேல் மண் எடுத்து மீண்டும் போட வேண்டும். பழைய தாரைச் சுரண்ட வேண்டும், வெள்ளை இரும்பு தெரியும் வரை பிளாஸ்டிங் (துகள்களை அழுத்தக்காற்றில் வீசித் துருவைக் களைவது) செய்ய வேண்டும், பயிர் இழப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும், ஊருக்கு லாரித் தண்ணீர் விட வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் டின்னைத் திறக்கிறோம். டின்னில் லிட்டருக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்தவர் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். கட்டுபடியாக வைப்பது ஒன்றுதான்: கோட்டிங் தேவைப்படும் நீளத்தைக் குறைப்பது.

8 ஜனவரி

“பைப்பில் தண்ணீர் ஓடும்போதே வெளியே பெயின்ட் அடிக்கலாமா, ஊருக்குத் தண்ணீர் நிறுத்த முடியாதே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் நானே பட்டிருக்கிறேன்.

கடற்கரைக்கு அருகே ஒரு பம்பிங் மெயினில் 80 மீட்டரைத் திறந்து, பழைய தாரை எடுத்து, பிளாஸ்டிங் முடித்து, எபாக்ஸி அடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். அக்டோபர் மாதம், காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் தகடு 27 டிகிரிதான் இருந்தது. மேஸ்திரி பள்ளத்துக்குள் இறங்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், பைப்பு வேர்க்குது” என்றார். நானும் தொட்டேன், கை நனைந்தது. துணியால் துடைத்தோம். துடைத்த இடம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் மங்கியது. மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து வந்த அவசரத்துக்குத் தலையாட்டி, துடைத்துத் துடைத்து அடித்து முடித்தேன்.

எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் வேறொரு வேலைக்காகத் தோண்டியபோது, அந்தக் கோட்டிங்கின் ஓரத்தை விரல் நகத்தால் நெம்பினேன். வாழைப்பட்டை உரிவது போல முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் ஈரம், அதன் கீழே செம்பழுப்பாகத் துரு.

அந்தக் காற்றுக்குப் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 28 டிகிரி. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. எங்கள் தகடு பனிநிலைக்கும் கீழே இருந்தது. அந்த விதி எனக்குத் தெரியும். கையில் வெப்பமானியும் இருந்தது. தெரிந்தே அடித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

9 ஜனவரி

நேற்று எழுதியது, தண்ணீர் ஓடும் பைப்புக்கு எதுவுமே பூச முடியாது என்ற எண்ணத்தைத் தந்திருக்கும். அது சரியல்ல. வாசலின் போன்ற பெட்ரோலேட்டம் மெழுகு ஊறிய டேப்பை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்த ஈரத் தகட்டின் மேலும் கையால் சுற்றலாம். அந்த மெழுகு நீரை ஒதுக்கிக்கொண்டு ஒட்டும். ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் எபாக்ஸி வகைகளும் கிடைக்கின்றன. மெழுகு டேப் சதுர மீட்டருக்கு விலை கூடுதல். ஆனால் பிளாஸ்டிங் வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம், அன்றே மண் மூடலாம். வால்வு, பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு), வளைவு, நான்கைந்து மீட்டர் நீளமுள்ள லீக் இடம் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிக்கனமானது எனக்குத் தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் சுற்றுவதற்கு இது ஏற்றதல்ல. களிமண் காய்ந்து சுருங்கும்போது மென்மையான மெழுகை இழுத்துக் கிழித்துவிடும்.

13 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் உட்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உட்பூச்சு இல்லாத பழைய பைப்பை வெட்டினால் உள்ளே பாகற்காயின் முதுகு போல முடிச்சு முடிச்சாகத் துருக்கொப்புளங்கள் இருக்கும். ஒரு கொப்புளத்தை உளியால் தட்டினால் மேல் ஓடு பழுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். உள்ளே கறுப்புச் சேறு. அதை வழித்தால் அடியில் தகட்டில் ஒரு குழி. தண்ணீர் ஓட வேண்டிய இடத்தைத் துரு அடைப்பது ஒரு நஷ்டம். அந்தக் கரடு பம்பின் மின்கட்டணத்தை ஏற்றுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

உங்கள் பைப்புக்கே கணக்குப் போட்டேன். நொடிக்கு 200 லிட்டர் ஓடுவதாகவும், கரட்டுத் தகட்டுக்கு ஹேசன்–வில்லியம்ஸ் கெழு (குழாயின் வழவழப்பைக் காட்டும் எண், கூடினால் உராய்வு குறைவு) 80 என்றும் கொண்டால், 10 கிலோமீட்டரில் உராய்வால் இழக்கும் அழுத்தம் சுமார் 19.5 மீட்டர். சுரண்டி, சிமெண்ட் பூசி, கெழு 130-க்கு வந்தால் அது 7.9 மீட்டராகக் குறையும். மிச்சமாகும் 11.6 மீட்டரை, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில், நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் கணக்கில் மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,37,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 19 லட்சம் ரூபாய்.

சிமெண்ட் பூச்சு பழைய முறை. அதனாலேயே இளைஞர்கள் அதை மதிப்பதில்லை. 1922-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் வார்ப்பிரும்புக் குழாய்க்குள் சிமெண்ட் பூசிப் புதைத்தார்கள்; நூறு ஆண்டுகள் கடந்தும் குடிநீர்க் குழாய்க்கு உலகெங்கும் முதன்மையான உட்பூச்சு அதுதான். எபாக்ஸி ஒரு திரை. அது கிழிந்தால் பாதுகாப்பு போயிற்று. சிமெண்ட் அப்படியல்ல. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை pH 12.5 அளவில் இருப்பதால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகிறது. மயிரிழை விரிசல் விழுந்தாலும், நீரில் ஊறும்போது கால்சியம் கார்பனேட் படிந்து தானே மூடிக்கொள்கிறது. மண்ணுக்குள் யாரும் பார்க்க முடியாத இடத்தில் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் பூச்சு இருப்பது எவ்வளவு பெரிய வரம்!

செய்முறையில், 100 முதல் 150 மீட்டருக்கு ஒரு இடத்தில் பைப்பை வெட்டித் திறந்து, சுரண்டும் கருவியை இழுத்து, ரப்பர் வட்டால் சேற்றைத் தள்ளி, சுழலும் தலையால் கலவையை வீசிப் பூசி, மட்டக் கரண்டியால் வழித்து, இரு முனைகளையும் மூடி ஈரம் காக்கிறார்கள். முழு நீளத்தையும் தோண்ட வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய மிச்சம்.

14 ஜனவரி

நேற்றைய கணக்கில் ஒரு பிழை செய்துவிட்டேன். 8 மி.மீ. சிமெண்ட் பூசினால் உள்விட்டம் 600 இலிருந்து 584 மி.மீ. ஆகிறது, அதை நான் சேர்க்கவில்லை. விட்டம் சுருங்குவதால் உராய்வு 14 சதவீதம் கூடுகிறது. ஆகவே 7.9 மீட்டர் என்பதை 9 மீட்டர் என்று திருத்திக்கொள்ளுங்கள். சேமிப்பு ஆண்டுக்கு சுமார் 2,13,000 யூனிட், 17 லட்சம் ரூபாய்.

இன்னொன்றும் உண்டு. பம்பை அப்படியே விட்டால் இந்தச் சேமிப்பு மின்கட்டணத்தில் தெரியாது. எதிர்ப்பு குறைந்ததும் பம்ப் கூடுதல் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் பற்றாத ஊருக்கு அது நல்லதே. கட்டணமும் குறைய வேண்டுமென்றால் பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்க வேண்டும், அல்லது ஓட்ட நேரத்தைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் 17 லட்சம் என்று மன்றத்தில் சொன்னால், அடுத்த ஆண்டு கணக்குக் கேட்கும்போது நல்ல வேலைக்கும் கெட்ட பெயர் வரும்.

16 ஜனவரி

“கழிவுநீர்க் குழாய்க்கும் இதே சிமெண்ட் போதுமா?” போதாது. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடை, குழாயின் மேற்கூரையில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக மாற்றுகிறது. சாதாரண சிமெண்ட் அதில் மாவாகிவிடும். அங்கே அலுமினேட் சிமெண்ட் அல்லது கனமான எபாக்ஸி.

19 ஜனவரி

வெளிப்பக்கத்துக்கு கன்னைட்டிங் போடலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வலைக்கம்பி கட்டி, 25 மி.மீ. கனத்துக்குச் சிமெண்ட் கலவையை வீசிப் பூசும் இந்த முறை நம் ஊர்க் குடிநீர்த் திட்டங்களில் மிகவும் பழக்கமானது, ஆட்களும் கிடைப்பார்கள். இதில் நான் வெகு காலம் புரிந்துகொள்ளாமல் இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஓடையைக் கடக்கும் இடத்தில் அடிக்கடி லீக் வந்ததால், அங்கே 40 மீட்டருக்கு மட்டும் கன்னைட்டிங் செய்தோம். அந்த 40 மீட்டரில் அதன் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, எங்களுக்குப் பெருமைதான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று புதிய லீக் வந்தது. மூன்றும் அந்தப் பூச்சு முடியும் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள். விளிம்பில் பூச்சு சரியில்லை என்று மேஸ்திரியைக் கடிந்துகொண்டேன். அவர் மேல் தவறே இல்லை.

சிமெண்டுக்குள் இருக்கும் இரும்பும் ஈரமண்ணில் இருக்கும் இரும்பும், ஒரே பைப்பாக இருந்தாலும், மின்வேதியியலில் இரண்டு வேறு உலோகங்கள் போல நடந்துகொள்கின்றன. செம்பு–செம்புசல்ஃபேட் மின்வாயை ஒப்பிட்டு அளந்தால், சிமெண்டுக்குள் இருப்பது –100 முதல் –300 மில்லிவோல்ட். மண்ணில் இருப்பது –500 முதல் –700. இரண்டும் ஒரே தகட்டால் இணைந்திருப்பதால் அது ஒரு பேட்டரி. மண்ணில் இருக்கும் பகுதிதான் கரைகிறது, அதுவும் விளிம்புக்கு அருகில்தான் அதிகம் கரைகிறது.

இதே காரணத்தால்தான், துருப்பிடித்த பழைய பைப்பின் நடுவே புத்தம் புதிய துண்டை வெல்டிங் செய்தால் அந்தப் புதிய துண்டு பழையதைவிட முன்னதாக ஓட்டையாகிறது. புதிய இரும்பு பழைய துருப்பிடித்த இரும்புக்கு நேர்மின்வாயாக, அதாவது கரையும் பக்கமாக, அமைந்துவிடுகிறது. “இப்போதெல்லாம் தகடே மட்டமாக வருகிறது” என்று நாங்கள் பேசிக்கொண்ட பேச்சில் பாதிக்கு இதுதான் விளக்கம் என்று இப்போது நினைக்கிறேன்.

20 ஜனவரி

அப்படியானால் விளிம்புக்கு வெளியே இன்னும் பத்து மீட்டர் எபாக்ஸி அடித்தால் தீருமா என்று கேட்கிறார்கள். தீராது, மோசமாகவும் ஆகலாம். கரையும் பக்கத்தை மட்டும் மூடினால், அதில் தப்பிய ஒரு ஊசித்துளையின் வழியாக முழு மின்னோட்டமும் வெளியேறும். ஒரு ஆம்பியர் தொடர்ந்து வெளியேறினால் ஆண்டுக்கு 9 கிலோ இரும்பு கரைகிறது. அது பத்து மீட்டரில் பரவிக் கரைவதும், ஒரு துளையில் கரைவதும் ஒன்றல்ல. சிமெண்டுக்குள் போகும் தகட்டுக்கு முதலில் எபாக்ஸி அடித்து, அதன் மேல் கன்னைட்டிங் செய்வதே சரி. அதாவது கரையாத பக்கமான எதிர்மின்வாயை மூட வேண்டும். இல்லையென்றால் முழுப் பைப்புக்கும் கத்தோடிக் பாதுகாப்பு (வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து பைப் முழுவதையும் எதிர்மின்வாயாக்கித் துருவைத் தடுப்பது) வேண்டும்.

27 ஜனவரி

பாலிஎத்திலீன் டேப்பைப் பற்றி ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார். தகட்டைச் சுத்தம் செய்யும் வேலை குறைவு, சுற்றும் வேகம் அதிகம், விலையும் குறைவு என்கிறார். மூன்றும் உண்மைதான். என் அச்சம் வேறு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊருக்கு அருகே, 2010 ஜூலை 25 அன்று 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. 1969-இல் பாலிஎத்திலீன் டேப் சுற்றிப் புதைத்த குழாய் அது. டேப் காலப்போக்கில் தளர்ந்து, வெல்டிங் தையலின் ஓரத்தில் கூடாரம் போலத் தூக்கி நின்றது. அதற்குள் ஈரம் தேங்கித் துருவும் விரிசலும் வளர்ந்தன. கட்டுப்பாட்டு அறை பிளவை உணர 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுமார் 32 லட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறி கலமசூ ஆற்றில் கலந்தது.

டேப் தளர்ந்தது மட்டும் அங்கே பிரச்சினை அல்ல. பாலிஎத்திலீன் மின்சாரத்தைக் கடத்தாது. அது உரிந்து தகட்டுக்கும் டேப்புக்கும் இடையே நீர் புகுந்தால், கத்தோடிக் பாதுகாப்பின் மின்னோட்டம் அந்த இடத்தை எட்டாது. பாதுகாப்பதற்காகச் சுற்றிய டேப் பாதுகாப்பை மறைத்து நிற்கும். பழைய தார் எனாமலும் எபாக்ஸியும் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மின்னோட்டத்துக்கு வழி விட்டுக்கொண்டே கெடுகின்றன. எந்தக் கோட்டிங் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று கேட்பதோடு, அது எப்படிச் சாகும் என்றும் கேட்க வேண்டும்.

3 பிப்ரவரி

பிளாஸ்டிங்குக்கு ஆற்றுமணலை அடித்தால் மலிவு என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்து வருந்தினேன். உலர்ந்த மணல் தகட்டில் மோதி உடையும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடுகிறது. சிலிக்கோசிஸுக்கு மருந்து இல்லை. அடிப்பவருக்கு மட்டுமல்ல, பள்ளத்தின் மேல் நின்று கயிறு பிடிப்பவருக்கும் வரும். தாமிரக் கசடோ கார்னெட் என்ற கனிமத் துகளோ விலை அதிகம்தான். ஆனால் கார்னெட்டைச் சலித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். மூச்சுக்காற்றுக் குழாய் பொருத்திய தலைக்கவசத்துக்கும் மதிப்பீட்டில் இடம் வையுங்கள். பழைய தார்ச் சுற்றுகளில் கல்நார் கலந்த தாள் இருப்பதும் உண்டு. அதை உலர்ந்தபடி சுரண்டிக் கிழிக்காமல், நனைத்து எடுத்துப் பையில் கட்ட வேண்டும். ஒரு மனிதரின் நுரையீரலை விலையில் சேர்க்காத எந்த முறையையும் நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். வளைகுடாவில் கோட்டிங் இன்ஸ்பெக்டராக இருந்த நான்கு ஆண்டுகளில் கற்றது இது. மாலையில் வெள்ளி போல பிளாஸ்டிங் செய்து வைத்த பைப்பின் குழிகள் மறுநாள் காலையில் இஞ்சி நிறத்துக்கு மாறியிருந்தால், குழிக்குள் உப்பு தங்கியிருக்கிறது என்று பொருள். மீண்டும் பிளாஸ்டிங் செய்தால் மட்டும் போகாது. நல்ல தண்ணீரால் அழுத்தத்தில் கழுவி, உலர்த்தி, மீண்டும் அடிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருந்தால் நாங்கள் கோட்டிங்குக்கு அனுமதி தரமாட்டோம். உப்பு மேல் அடித்த எபாக்ஸி, மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக் கொப்புளம் கட்டும். பக்கத்துப் போர்வெல்லின் உவர்நீரால் பைப்பைக் கழுவுவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம், தயவுசெய்து வேண்டாம்.

12 பிப்ரவரி

எந்த நீளத்தைத் திறப்பது? லீக் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு லீக்கையும் நீளவரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். புள்ளிகள் சீராகப் பரவியிருக்காது, கொத்தாக இருக்கும். கொத்து விழுந்த இடங்களில் மண்ணின் மின்தடையை அளந்து பாருங்கள். 1,000 ஓம்-செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது இரும்பைக் கடுமையாகத் தின்னும் மண்.

மீதிப் பகுதிக்குத்தான் கத்தோடிக் பாதுகாப்பு. வெறும் தகட்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 மில்லியாம்பியர் என்று கொண்டாலும் உங்கள் 19,200 சதுர மீட்டருக்கு 192 ஆம்பியர் வேண்டும், கட்டுபடியாகாது. பழைய தார் பத்தில் ஒரு பங்கு மட்டும் கெட்டிருந்தால் ஏறத்தாழ 20 ஆம்பியர் போதும். அதை இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்–ரெக்டிஃபையர்களால் (மின்சாரத்தை ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக மாற்றும் கருவி) கொடுத்துவிடலாம். மண்ணுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய தாரும் ஒரு கோட்டிங்தான்; அதற்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது. அதே செம்பு–செம்புசல்ஃபேட் மின்வாயை ஒப்பிட்டு, –850 மில்லிவோல்ட்டை எதிர்ப்பக்கமாகத் தாண்டினால் பாதுகாப்பு. அளவுக்கு மீறித் தள்ளினால் இருக்கும் கோட்டிங்கும் உரியும். பம்ப் ஹவுஸில் மின்காப்பு பிளாஞ்ச் இல்லாவிட்டால் மின்னோட்டம் முழுவதும் எர்த்திங் கம்பியைத் தேடிப் போய்விடும். பைப்பின் உட்பக்கத்துக்கு இது எதுவும் செய்யாது.

24 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி ஏழு தகடுகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். மனம் நிறைந்தது. ஏழில் ஆறு வெளியிலிருந்து வந்த ஓட்டைகள், ஆறும் 3.2 முதல் 5.1 கிலோமீட்டருக்குள், பழைய வடிகால் வாய்க்காலை ஒட்டிய களிமண் பகுதியில். ஆறில் நான்கு பைப்பின் அடிப்புறத்தில், பைப்பின் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொண்டால் மணி ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே. ஒன்று மட்டும் உள்ளிருந்து வந்தது.

ஆகவே என் கருத்து: 1.9 கிலோமீட்டரை மட்டும் திறந்து வெளியே எபாக்ஸி, 10 கிலோமீட்டருக்கும் கத்தோடிக் பாதுகாப்பு, உட்புறச் சிமெண்ட் அடுத்த கட்டத்தில். ஜனவரியில் சிமெண்டைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இப்போது அதைத் தள்ளி வைப்பது எனக்கே சங்கடம்தான். மின்கட்டணத்தைக் குறைக்க அது சரியான வழி. மாதம் மூன்று லீக்கை நிறுத்த அது வழியல்ல. தகட்டின் கனம் பாதிக்குக் கீழே தேய்ந்த இடங்களில் எந்தக் கோட்டிங்கும் வேண்டாம். அந்தத் துண்டை மாற்றுங்கள், மாற்றிய துண்டுக்கு 19 ஜனவரி குறிப்பை நினைவில் வையுங்கள்.

31 மார்ச்

அந்த வாய்க்கால் பகுதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் குழாய் நினைவுக்கு வந்தது. பெர்த்துக்கு அருகே உள்ள முண்டாரிங் அணையிலிருந்து கல்கூர்லிக்கு 530 கிலோமீட்டர். 1903 ஜனவரியில் திறந்தார்கள். 30 அங்குல எஃகுக் குழாய். தாரும் அஸ்பால்ட்டும் கலந்த சூட்டில் முக்கியெடுத்துப் புதைத்தும், உவர்மண் சில ஆண்டுகளிலேயே தின்னத் தொடங்கியது. 1930-களில் அதைப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்துத் தரைக்கு மேல் வைத்தார்கள். இன்றும் அந்தப் பாதையில் குழாயின் பெரும்பகுதி தரைக்கு மேல்தான் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பைப்புக்குச் சாதாரண பெயின்ட் போதும். லீக் வந்தால் நடந்து போகிறவர் பார்த்துச் சொல்வார்.

உங்கள் வாய்க்கால் கரையில் அரசு நிலம் இருந்தால், திறக்கும் 1.9 கிலோமீட்டரில் ஒரு பகுதியையாவது தாங்கிகளின் மேல் ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

2 ஏப்ரல்

முடியாது என்று பதில் வந்திருக்கிறது. குறுக்கே ஆறு வயல்பாதைகள், டிராக்டர் போக வேண்டும். சரி, புதைத்தபடியே செய்வோம். திறக்கும்போது ஒரே மூச்சில் நீளமாகத் திறக்க வேண்டாம். தண்ணீர் நிறைந்த 600 மி.மீ. பைப் மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிலோ. அடிமண்ணை எடுத்துவிட்டு அந்தரத்தில் விட்டால் தொய்ந்து பழைய வெல்டிங் பிளக்கும். மணல்மூட்டைத் தாங்கிகளைச் சில மீட்டருக்கு ஒன்றாக விட்டு, பூச்சு முடிந்த இடத்துக்கு அவற்றை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

9 மே

60 மீட்டர் சோதனை வேலை தொடங்கியிருக்கிறது. பராமரிப்பு நிறுத்தத்தில் பைப் காலியாக இருப்பதால் வேர்க்கும் பிரச்சினை இல்லை. கத்திரி வெயில்தான் பிரச்சினை. மதியம் வெயில் படும் தகடு 55 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலந்த எபாக்ஸி கெட்டியாகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். பிரஷ் இழுக்கும்போதே இறுகும், குமிழி அடைபடும். காலை ஏழிலிருந்து பத்தரைக்குள் அடித்து முடியுங்கள், பள்ளத்தின் மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள், ஒரு தடவைக்குச் சிறிய அளவாகக் கலக்குங்கள். டின்னின் மேல் எழுதியிருக்கும் கலவை விகிதத்தைக் கண்ணளவில் பார்க்காமல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள்.

20 மே

ஹாலிடே டெஸ்ட் (பூச்சில் தப்பிய ஊசித்துளைகளை மின்பொறியால் கண்டுபிடிப்பது) முடிவு வந்திருக்கிறது. 500 மைக்ரானுக்கு 2,500 வோல்ட் வைத்துச் சுருள்கம்பியை உருட்டியதில் 60 மீட்டரில் ஏழு இடங்களில் பொறி பறந்ததாம். தம்பி மனம் உடைந்து எழுதியிருக்கிறார். உடைய வேண்டாம், மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய ஏழு ஓட்டைகளை வெயிலிலேயே பிடித்திருக்கிறார்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழும் வெல்டிங் தையலின் மேல்தான் இருக்கின்றன. ஸ்பிரே அடிக்கும்போது கூர்மையான மேட்டிலிருந்து பெயின்ட் இரு பக்கமும் வழிந்து, உச்சியில் மெல்லிய படலமே நிற்கிறது. அந்த ஏழு இடங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, பிரஷ்ஷால் பூசி, காய்ந்ததும் மீண்டும் அதே வோல்ட்டில் உருட்டுங்கள். அடுத்த 60 மீட்டரில், ஸ்பிரேக்கு முன்னால் எல்லாத் தையல்களையும் கிரைண்டரால் மொட்டையாக்கி, பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். மண் மூடும்போது பைப்பைச் சுற்றி ஒரு சாண் சலித்த மணல். மூடிய பிறகு, கோட்டிங் முடியும் இரு விளிம்புகளிலும் மண்ணுக்கு மேல் ஒரு டெஸ்ட் ஒயரை விட்டு மில்லிவோல்ட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரெக்டிஃபையர் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களையும் நான் பார்க்க வேண்டும்.